காவிரிக்கரைப் பேய்களும் தீராத கணக்குகளும்

பேய்க்கதை, மாயாஜாலக் கதை என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது டிராகுலா, ஹாரி பாட்டர், அப்புறம் இரண்டு மூன்று ஆங்கிலப் படங்கள். தமிழில் என்றால் வெள்ளைப் புடவை, மல்லிகைப்பூ வாசம், கொலுசுச் சத்தம், பாழடைந்த பங்களா... பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. திகில் கதைப் பிரியர்களிடம் கேட்டால் "புதுசா எதுவும் வரலையே" என்றுதான் சொல்கிறார்கள். எழுத ஆசைப்படுகிறவர்களோ "எழுத ஐடியா கிடைக்கலையே" என்கிறார்கள்.

நான் வணிகவியல் படிக்கிறவன். எங்கள் பாடத்தில் ஆரம்பத்திலேயே சொல்லித் தரும் ஒரு விஷயம் உண்டு. புதுச் சரக்குக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் குடோனில் என்ன இருக்கிறது என்று பார்! அதனால் தஞ்சாவூரையும் அதைச் சுற்றியுள்ள காவிரி டெல்டாவையும் ஒரு குடோனாக நினைத்துக்கொண்டு, அதில் திகில் கதைக்கும் மாயாஜாலக் கதைக்கும் ஆகிற சரக்கு எவ்வளவு கிடக்கிறது என்று கணக்கெடுத்துப் பார்த்தேன். பூம்புகாரில் தொடங்கி நம் தாத்தா பாட்டி காலம் வரைக்கும் சரக்கு நிரம்பி வழிகிறது!

கணக்கெடுக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. வெளிநாட்டுக் கதைகளில் பேய் பெரும்பாலும் ஒரு தீய சக்தி. சிலுவையைக் காட்டினால் ஓடிவிடும். நம் ஊர்ப் பேய் அப்படி இல்லை. யாருக்கோ கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்ட இடத்தில்தான் அது வருகிறது. ஒரு கணக்கு தீராமல் கிடக்கிறது, அதைக் கேட்கத்தான் பேய் வருகிறது. கீழே உள்ள ஒவ்வொன்றையும் இதை மனதில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

1. பூம்புகாரின் ஐந்து மன்றங்கள்

சிலப்பதிகாரத்தில் இந்திர விழாவைச் சொல்லும் பகுதியில் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்த ஐந்து மன்றங்கள் வருகின்றன. மாயாஜாலக் கதை எழுதுகிறவருக்கு இந்தப் பகுதி ஒன்றே பத்து நாவலுக்குப் போதும்.

முதலாவது வெள்ளிடை மன்றம். வணிகர்கள் தங்கள் மூட்டைகளின் மேல் பெயரும் அளவும் குறித்து முத்திரை வைத்துவிட்டு, காவல் இல்லாமல் போட்டுவிட்டுப் போகும் திறந்தவெளி. திருடன் வந்து மூட்டையைத் தூக்கினால் அவ்வளவுதான். கழுத்து ஒடிகிற மாதிரி பாரத்தைச் சுமந்துகொண்டு அந்த மன்றத்தையே சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான், வெளியே போக முடியாது. (இன்றைய குடோன்களுக்கு இப்படி ஒரு வசதி கிடைத்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கடையை மூட வேண்டியதுதான்!)

இரண்டாவது இலஞ்சி மன்றம். கூனர், குள்ளர், ஊமை, செவிடர் போன்றோர் முழுகி எழுந்தால் குறை நீங்கும் பொய்கை அங்கே இருந்தது. மூன்றாவது நெடுங்கல் மன்றம். பித்துப் பிடித்தவர்களும் நஞ்சுண்டவர்களும் பாம்பு கடித்தவர்களும் அங்கே நிற்கும் ஒளிவிடும் கல்லைச் சுற்றி வந்தால் துன்பம் தீரும்.

நான்காவதுதான் திகில் ரசிகர்களுக்கானது, பூதச் சதுக்கம். போலித் துறவிகள், நேர்மையில்லாத அமைச்சர்கள், பிறர் மனைவியை நாடுகிறவர்கள், பொய்ச்சாட்சி சொல்கிறவர்கள், புறம் பேசுகிறவர்கள்... இவர்களையெல்லாம் பாசக் கயிற்றால் கட்டி, அடித்துத் தின்னும் பூதம் ஒன்று அந்த நாற்சந்தியில் இருந்தது.

ஐந்தாவது பாவை மன்றம். அங்கே இருக்கும் சிலை வாய் திறந்து பேசாது. ஆனால் அரசனின் செங்கோல் கோணினாலோ, நீதி ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ அந்தச் சிலை கண்ணீர் விட்டு அழும். இந்த அழும் சிலையை மறந்துவிடாதீர்கள், கடைசியில் இது நமக்கு மறுபடியும் தேவைப்படும்.

இவ்வளவும் இருந்த அந்த ஊர் என்ன ஆயிற்று? மகனை இழந்த சோகத்தில் சோழ அரசன் இந்திர விழா எடுக்க மறந்தான், அதனால் சாபம் பலித்துக் கடல் ஊரைக் கொண்டது என்கிறது மணிமேகலை. அதாவது வருஷா வருஷம் செலுத்த வேண்டிய ஒரு கடமை பாக்கி விழுந்தது. தரையில் நடந்த அகழாய்வில் கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் மேலையூரில் புத்த விகாரையும் கிடைத்தன. கடலுக்குள்ளும் தேசியக் கடலாய்வு நிறுவனம் தேடியது. கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சுமார் 23 மீட்டர் ஆழத்தில், லாட வடிவில் ஓர் அமைப்பு 1990களில் கண்டறியப்பட்டது. அது மனிதர் கட்டியதா, இயற்கையாக அமைந்ததா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. கதைக்காரருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எது? கடலடியில் ஒரு சிலை கிடக்கிறது, அதன் கண்ணில் இன்னும் நீர் நிற்கவில்லை!

2. பேயைப் பார்த்துச் செத்த பையன்

மணிமேகலையை எழுதிய சாத்தனார் ஒரு கூலவாணிகர், அதாவது தானிய வியாபாரி. (எங்கள் டிபார்ட்மெண்ட் ஆள் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமை!) அவர் காட்டும் சுடுகாட்டு வர்ணனையை இரவில் தனியாக உட்கார்ந்து படிக்க முடியாது. பிணங்களைச் சுடுவோர், அப்படியே போடுவோர், குழியில் புதைப்போர், தாழியில் கவிப்போர் என்று ஒவ்வொரு வகையையும் சொல்கிறார்.

அந்தச் சுடுகாட்டுக்குள் சார்ங்கலன் என்ற சிறுவன் வழி தவறித் தனியாக நுழைகிறான். பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஒரு பேய் ஆடுவதைப் பார்க்கிறான். அலறியடித்து ஓடிவந்து தாய் கோதமையிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். சாதாரணக் கதை என்றால் இங்கே முடிந்துவிடும். சாத்தனார் முடிக்கவில்லை. தாய் மகனின் உடலைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டு வாசலுக்கே போகிறாள். ஊரின் காவல் தெய்வமான சம்பாபதியைக் கூப்பிட்டு, "ஊரைக் காக்கிற நீ என் பிள்ளையை ஏன் காக்கவில்லை?" என்று கேட்கிறாள். தன் உயிரை எடுத்துக்கொண்டு மகனின் உயிரைத் தரச் சொல்கிறாள். முடியாது, அது வினைப்பயன் என்கிறது தெய்வம். தாய் விடவில்லை. கடைசியில் எல்லாத் தெய்வங்களையும் வரவழைத்து, ஒருவராலும் போன உயிரைத் தர முடியாது என்று காட்ட வேண்டியதாகிறது. பேயை விட்டுவிட்டு இந்தத் தாயின் வழக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், படிக்கிறவர் தூங்க மாட்டார்.

3. நெல் விளையும் ஊரில் அடங்காத பசி

அதே மணிமேகலையில் காயசண்டிகை என்று ஒருத்தி. விண்ணில் பறக்கும் வித்தியாதரப் பெண். முனிவர் ஒருவர் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை உண்ணும் நாவல் பழத்தைத் தெரியாமல் காலால் சிதைத்துவிடுகிறாள். அவளுக்கு யானைத்தீ என்னும் நோய் வரட்டும் என்று சாபம். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி, அதுவும் 12 ஆண்டுகள். பழத்துக்குப் பசி, 12க்கு 12. வட்டியே இல்லாத கடன் வசூல் மாதிரி இருக்கிறது.

அவள் பூம்புகார்த் தெருக்களில் பசியோடு அலைகிறாள். மணிமேகலை அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு போட்ட பிறகுதான் பசி தீர்கிறது. ஆனால் கதை அங்கேயும் நிற்கவில்லை. மணிமேகலை காயசண்டிகை உருவத்தை எடுத்துக்கொள்ள, மனைவியைத் தேடி வந்த கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே நினைத்து, அவளிடம் வந்த இளவரசன் உதயகுமரனை வெட்டிக் கொல்கிறான்.

இரத்தம் குடிக்கும் பேய் உலகம் முழுக்க இருக்கிறது. சோறு கேட்கும் பேய் நெல் விளைகிற ஊரில்தான் பிறக்க முடியும். வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 1781ல் ஐதர் அலியின் படை தஞ்சைச் சீமையில் புகுந்தபோது வயல்கள் அழிந்தன, கால்நடைகள் போயின, குழந்தைகளும் பிடித்துச் செல்லப்பட்டனர். தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் வைத்திருந்த குடியானவர்கள் விற்க வரவில்லை, முன்பு கொடுத்த நெல்லுக்கே அவர்களுக்குப் பணம் வரவில்லை. கடைசியில் தஞ்சையில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் "பணத்துக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வண்டிகள் வந்தன. நம்பிக்கை இல்லாவிட்டால் நெல் இருந்தும் சோறு இல்லை. அந்த வருஷத்துத் தஞ்சைத் தெருவில் ஒரு காயசண்டிகையை நடக்க விட்டுப் பாருங்கள்!

4. தானே விரும்பிப் பேயான பெண்

உலகத்தில் பேயைப் பற்றி எழுதிய எழுத்தாளர்கள் எத்தனையோ பேர். தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்டு எழுதியவர் ஒருவரைச் சொல்லுங்கள் என்றால், நான் காரைக்காலைக் காட்டுவேன்.

காரைக்கால் அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. கடல் வாணிகம் செய்யும் குடும்பம். கணவன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். அதில் ஒன்றை அடியார் ஒருவருக்கு இவர் கொடுத்துவிடுகிறார். கணவன் சாப்பிட உட்கார்ந்து இரண்டாவது பழத்தையும் கேட்க, இறையருளால் ஒரு பழம் கைக்கு வருகிறது. அதன் ருசி வேறாக இருக்கவே அவன் விசாரிக்கிறான், உண்மை தெரிகிறது, இன்னொரு பழமும் வருகிறது, அதுவும் மறைகிறது. பயந்துபோன அவன் கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். தேடி வந்த மனைவியைக் கண்டதும் குடும்பத்தோடு காலில் விழுகிறான். கணவனுக்காகச் சுமந்த இந்த அழகு இனி எதற்கு என்று உடம்பின் தசையை உதறிவிட்டு, பேய் வடிவத்தைக் கேட்டு வாங்குகிறார் அம்மையார்.

நிதானமாக யோசித்தால் இது வெறும் பக்திக் கதையாக மட்டும் தெரியவில்லை. இரண்டு பழத்துக்குக் கணக்குக் கேட்டான் கணவன், கணக்கு நேரானது, ஆனால் அவன் போய்விட்டான். அவர் எழுதிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் வரும் சுடுகாட்டுக் காட்சிகள் எந்தத் திகில் எழுத்துக்கும் சளைத்தவை அல்ல. இன்றும் காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள்.

அம்மையார் போய்ச் சேர்ந்த திருவாலங்காட்டுக்கு அருகில்தான் பழையனூர். அந்த ஊரோடு சேர்ந்தது நீலி கதை. முற்பிறவியில் நகைக்காகக் கணவனால் கொல்லப்பட்டவள் அவள். மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தேடி, கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பேயாக வந்து பஞ்சாயத்தில் அழுகிறாள். வணிகன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்ற எழுபது வேளாளர்களும், அவன் இறந்ததும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள். இன்றைக்கும் பொய் அழுகையை "நீலிக் கண்ணீர்" என்கிறோம். கொலையானவள் அவள்! கொன்றவன் பெயரில் ஒரு பழமொழியும் இல்லை, செத்தவள் கண்ணீர் மட்டும் பொய் என்று ஆகிவிட்டது. இதை நீலியின் பக்கத்திலிருந்து யாராவது எழுத வேண்டும்.

5. கூழ் காய்ச்சிய பேய்கள்

பேயை வைத்துக் காமெடி பண்ணுவது இப்போது சினிமாவில் பெரிய பிசினஸ். சோழர் காலத்திலேயே அதைச் செய்துவிட்டார் செயங்கொண்டார். குடவாசல் பக்கம் உள்ள தீபங்குடி அவருடைய ஊர் என்பது வழக்கு. முதலாம் குலோத்துங்கனின் (1070 - 1120) படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்றதைப் பாடும் கலிங்கத்துப் பரணியில், பாதிக்கு மேல் பேய்களின் ராஜ்யம்தான். காளியின் பேய்கள் போர் இல்லாமல் பட்டினி கிடந்து வயிறு ஒட்டிப் போயிருக்கின்றன. கலிங்கத்தில் போர் என்றதும் களத்துக்கு ஓடுகின்றன, பிணங்களைக் கொண்டு கூழ் காய்ச்சுகின்றன. பந்தி வைத்துப் பரிமாறும்போது பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய் என்று ஆள் பார்த்து உபசரிப்பு வேறு!

சிரிப்பு அடங்கியதும் ஒன்று உறைக்கும். இந்தப் போர் ஏன் வந்தது? கலிங்க அரசன் இரண்டு முறை திறை கட்டவில்லை. கப்பப் பாக்கி. அந்தப் பாக்கிக்காக எத்தனை பேர் கூழானார்கள் என்பதைப் பேய்கள்தான் எண்ணின. வெற்றியைப் பாடும் நூலில் பிணத்தையும் எண்ண வைத்தது செயங்கொண்டாரின் குறும்பா, மனசாட்சியா? எனக்கு இரண்டும் தெரிகிறது.

6. சந்தனத் தாதி பார்த்தது

திருவாரூர் மாவட்டத்துத் திருச்செங்காட்டங்குடியில் வாழ்ந்தவர் சிறுத்தொண்டர். பல்லவர் படையோடு வாதாபி வரை போன பரஞ்சோதி இவர்தான். பைரவர் வேடத்தில் வந்த சிவன் பிள்ளைக்கறி கேட்க, தந்தை அறுக்க, தாய் திருவெண்காட்டு நங்கை பிடித்துக்கொள்ள, ஒரே மகன் சீராளனைக் கறி சமைத்தார்கள். முடிவில் பிள்ளை உயிரோடு ஓடி வந்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதில் அதிகம் பேர் கவனிக்காத பாத்திரம் வேலைக்காரி சந்தனத் தாதியார். தலைக்கறி ஆகாது என்று ஒதுக்கியதை, விருந்தாளி கேட்டாலும் கேட்பார் என்று தனியாகச் சமைத்து வைத்தவர் அவர். பக்தி அந்தத் தாய் தந்தைக்கு. வேலைக்காரிக்கு என்ன? நேற்று வரை தூக்கி வளர்த்த பிள்ளை. அடுப்படியில் நின்ற அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? பெரிய புராணத்தின் மதிப்பு ஒரு துளியும் குறையாமல், அடுப்படியிலிருந்து இந்தக் கதையைச் சொல்ல முடியும். திகில் என்றால் கத்தல் கூச்சல் அல்ல, அந்த அடுப்படியின் அமைதிதான்.

7. கொலைக்குச் சாட்சி ஒரு நிலப் பத்திரம்

பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு ஆதித்த கரிகாலன் கொலை தெரியும். கல்கி எழுதியது கதை. கல்லில் இருப்பது என்ன? காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலான சகோதரர்கள் குறிக்கப்படுகிறார்கள். அவர்களுடைய சொத்து மட்டுமல்ல, உறவினர்களின் சொத்தும் பறிமுதல்.

கவனியுங்கள். எப்படிக் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. பறிமுதலான நிலம், அதை விலைக்கு வாங்கி அறத்துக்கு எழுதி வைத்தது, இதுதான் விஷயம். அதாவது ஒரு பத்திரப் பதிவு! கொலைக்கும் இந்தக் கல்வெட்டுக்கும் நடுவில் உத்தம சோழனின் ஆட்சிக்காலம் முழுவதும் கிடக்கிறது. அத்தனை வருஷம் யார் வாயை மூடினார்கள்? கொலையுண்ட இளவரசன் நிழலாக வந்து பழி கேட்கிறான் என்று எழுதுவது சுலபம். எனக்கென்னவோ, குற்றம் செய்யாமல் சொத்தை இழந்த அந்த உறவினர் வீட்டுக் குழந்தை ஒன்று, விற்றுப்போன தன் வயலைச் சுற்றி வருவதுதான் நல்ல பேய்க்கதையாகத் தோன்றுகிறது.

8. வெடித்த அரண்மனை

1673. தஞ்சை நாயக்கர் விஜயராகவரிடம் மதுரை சொக்கநாத நாயக்கர் பெண் கேட்கிறார், இவர் மறுக்கிறார். மதுரைப் படை கோட்டையை உடைத்து நுழைகிறது. முதுமையில் இருந்த விஜயராகவர் வாளெடுத்துப் போருக்குப் போகிறார். போகும்போது அந்தப்புரத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க உத்தரவு போடுகிறார். அத்தனை பெண்களும் ஒரே நொடியில் போனார்கள்.

தப்பியது ஒரு சின்னக் குழந்தை, செங்கமலதாசன். தாதி ஒருத்தி நாகப்பட்டினத்துக்குக் கொண்டு போக, ஒரு வணிகர் வீட்டில் வளர்கிறான். பிறகு வெங்கண்ணா என்ற பழைய அதிகாரி பீஜப்பூரின் உதவியைக் கேட்டு வாங்க, ஏகோஜி வந்து பையனைச் சிம்மாசனத்தில் ஏற்றுகிறார். ஆனால் வெங்கண்ணா எதிர்பார்த்த பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. கோபத்தில் அவரே ஏகோஜியைத் தூண்டிவிட, நாயக்கர் ஆட்சி போய் மராட்டியர் ஆட்சி வந்தது. தெலுங்கு வரலாற்று நூல் ஒன்று இதையெல்லாம் நாவல் மாதிரியே சொல்கிறது.

அந்தப் பெண்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? நூல்கள் மன்னரின் மானத்தைப் பேசுகின்றன. அந்தப்புரச் சுவர் பேசினால் வேறு கணக்குச் சொல்லும்.

9. பேயே இல்லாத கதை

இதுவரை சொன்னதெல்லாம் ரசித்துப் படிக்கலாம். இதை ரசிக்க முடியாது. ஆனால் இதை விட்டுவிட்டு டெல்டாவின் திகிலைப் பற்றி எழுதினால் அது பொய்க் கணக்கு.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் தெரு. அடியாட்கள் வந்தபோது பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு குடிசைக்குள் ஒளிந்தார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் கருகிச் செத்தார்கள். அவர்கள் கேட்ட கூலி உயர்வு, நெல்லில் அளந்தால் ஒரு சின்ன அளவுதான். கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலச்சுவான்தார்களை உயர் நீதிமன்றம் பிறகு விடுதலை செய்தது. இந்திரா பார்த்தசாரதி எழுதிய குருதிப்புனல் நாவலுக்கு இந்தக் கொடுமைதான் அடிப்படை. அதற்கு 1977ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

இங்கே பேயும் இல்லை, பூதமும் இல்லை. அதுதான் பயங்கரம். பூதச் சதுக்கத்துப் பூதம் இருந்திருந்தால் யாரைக் கட்டியிருக்கும்? பாவை மன்றத்துச் சிலை இருந்திருந்தால் எத்தனை நாள் அழுதிருக்கும்? சிலப்பதிகாரம் எழுதிய காலத்திலேயே நம் ஆட்கள் அழும் சிலையையும் பொய்ச்சாட்சியைத் தின்னும் பூதத்தையும் ஏன் கற்பனை செய்தார்கள் என்று வெண்மணியை நினைக்கும்போதுதான் எனக்குப் புரிகிறது. அரசனும் நீதியும் கைவிட்ட இடத்தில் வேறு யாராவது கேட்க வேண்டுமே! மனிதர் கேட்காததைக் கேட்பதற்குத்தான் பூதம் வேண்டியிருந்தது.

எழுதப் போகிறவர்களுக்கு...

இந்த மண்ணுக்கு மர்மக் கதை ஒன்றும் புதிதல்ல. மேனகா, திகம்பர சாமியார் என்று எழுதித் தள்ளி அந்தக் காலத்து வாசகர்களைக் கட்டிப்போட்ட வடுவூர் துரைசாமி ஐயங்கார் (1880 - 1942) மன்னார்குடிப் பக்கத்துக்காரர்தான். அவர் ஆங்கில நாவல்களிலிருந்தும் நிறைய எடுத்துக்கொண்டார். அதில் தவறில்லை. ஆனால் நம் குடோன் நிறைந்து கிடக்கும்போது இறக்குமதி மட்டுமே செய்தால் அது நல்ல வியாபாரம் ஆகாது.

அதனால் எழுத உட்காரும்போது, பேய் எப்படி இருக்கும், எத்தனை மணிக்கு வரும் என்று யோசிக்காதீர்கள். இந்த ஊரில் யாருக்கு என்ன பாக்கி என்று முதலில் கேளுங்கள். சோறா, கூலியா, நீதியா, ஒரு மன்னிப்பா? அது தெரிந்துவிட்டால் பேய் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படி வருகிற பேய் வாசகரைப் பயமுறுத்துவதோடு நிற்காது, யோசிக்கவும் வைக்கும்.

இன்னொன்று. நீலிக்கும் சந்தனத் தாதிக்கும் கற்பனையில் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம். வெண்மணிக்கும், 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்துபோன 6,000க்கும் மேற்பட்டவர்களுக்கும் அப்படிச் செய்யக் கூடாது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே ஊர்களில் இருக்கிறார்கள், நாம் எழுதுவதைப் படிப்பார்கள். அவர்கள் கதையைத் தொடுகிறவர் முதலில் போய் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்காமல் எடுத்துக்கொண்டால் அதுவும் ஒரு திருட்டு மூட்டைதான். வெள்ளிடை மன்றத்துத் திருடன் மாதிரி, கழுத்து ஒடியச் சுமந்துகொண்டு சுற்ற வேண்டியிருக்கும்.